பிரஷர் மாத்திரை ஜெனீவாவிலிருந்து வருவதில்லை: தொற்றா நோய்களும் நாடுகளுக்கான உதவியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 செப்டம்பரில், வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துக்கு ஐ.நா. விருது அறிவிக்கப்பட்டதும், தெரிந்தவர்கள் பலர் கேட்டது ஒரே கேள்விதான்: “அப்போ அந்தத் திட்டத்துக்கு ஐ.நா.தான் பணம் கொடுக்குதா?” இல்லை. ஆனால் “இல்லை” என்று சொல்லி நிறுத்தினால் பாதிக் கதை விட்டுப்போகும். தொற்றா நோய்களைச் சமாளிக்க நாடுகளுக்கு உலக அமைப்புகள் உதவுகின்றன என்று செய்திகளில் படிக்கிறோம். அந்த உதவி எந்த வடிவத்தில் வருகிறது, கிராமத்தில் இருக்கும் ஒருவருக்கு அதில் என்ன வந்து சேர்கிறது என்பதைப் பார்க்கலாம்.

தொற்றா நோய்கள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாத, நாள்பட்டு நீடிக்கும் நோய்கள். மாரடைப்பும் பக்கவாதமும் அடங்கிய இதய–ரத்தநாள நோய்கள், புற்றுநோய், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட சுவாச நோய்கள், நீரிழிவு ஆகிய நான்கும் முதல் வரிசை. புகையிலை, மது, ஆரோக்கியமற்ற உணவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவற்றை இவற்றின் பொதுக் காரணங்களாக வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2018ல் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தில் நோய்ப் பட்டியலில் மனநலமும் காரணப் பட்டியலில் காற்று மாசும் சேர்க்கப்பட்டன.

நம் பேச்சில் இந்தப் பெயர்கள் எதுவும் கிடையாது. இங்கே ‘சுகர்’, ‘பிரஷர்’. யாழ்ப்பாணத்தில் ‘சீனி வருத்தம்’. பெயர் சுருங்கிப் பழகிவிட்டதாலோ என்னவோ, இவை கொல்லும் நோய்கள் என்ற எண்ணமும் கூடவே சுருங்கிவிட்டது. “எனக்குச் சுகர் இருக்கு” என்பதை “எனக்கு வழுக்கை விழுந்திருக்கு” என்கிற தொனியில்தான் சொல்கிறோம்.

பிரச்சினை எவ்வளவு பெரியது?

ஜெனீவாவில் தலைமையகம் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் தொற்றா நோய்களால் இறந்தவர்கள் குறைந்தது 4.3 கோடிப் பேர். கொரோனா சார்ந்த மரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உலகில் நடந்த நான்கு மரணங்களில் மூன்று இவற்றால் நேர்ந்தவை. அவர்களில் 1.8 கோடிப் பேர் 70 வயதைத் தொடாதவர்கள். அப்படி முன்கூட்டியே இறந்தவர்களில் 82 சதவீதம் பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். ‘பணக்கார வியாதி’ என்ற பழைய பேச்சை இந்த ஒரு எண் முடித்துவைக்கும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023ல் மதிப்பிட்டது.

‘நாடுகளுக்கு உதவி’ என்றால் பணம் கொடுப்பதா?

பெரும்பாலும் கிடையாது. எச்.ஐ.வி., காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு 2002லிருந்து தனி உலக நிதியம் இருக்கிறது. கொடைநாடுகள் அதில் கோடிக்கணக்கில் போடுகின்றன. தொற்றா நோய்களுக்கு அப்படிப்பட்ட பெரிய நிதியம் எதுவும் கிடையாது. சுகாதாரத்துக்காக உலக அளவில் கைமாறும் உதவித் தொகையில் இவற்றுக்குக் கிடைப்பது மிகச் சிறிய பங்கு. காரணம் ஓரளவு புரிந்துகொள்ளக்கூடியதுதான். தொற்றுநோய் எல்லை தாண்டி வரும், அதனால் பணக்கார நாட்டுக்கும் பயம். பக்கத்து நாட்டுக்காரரின் பிரஷர் யாருக்கும் தொற்றாது.

ஆகவே இங்கே உதவி என்று வருவது பெரும்பாலும் தாள்கள்தான்: சிகிச்சை நெறிமுறை, கணக்கெடுக்கும் முறை, சட்ட மாதிரி, பயிற்சிக் கையேடு, வழக்கு வந்தால் வாதத்துக்கான ஆதாரம். கேட்க ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தாள்கள் என்ன செய்தன என்று பார்த்த பிறகு கருத்து மாறியது.

தாள் என்ன செய்யும்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

உயர் ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். பத்து டாக்டர்களிடம் போனால் பத்து விதமான மாத்திரைச் சீட்டு கிடைக்கும். தனியாளுக்கு அது பரவாயில்லை. பல லட்சம் பேருக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்க வேண்டிய அரசுக்கு அதுதான் தலைவலி: எந்த மருந்தை எவ்வளவு வாங்குவது?

உலக சுகாதார நிறுவனம் 2016ல் இதய நோய்த் தடுப்புக்கென ஒரு கையேட்டுத் தொகுப்பு வெளியிட்டது. அதன் சாரம் மிக எளிது. மருந்துகளைச் சிலவாகக் குறை. எந்தப் படியில் எதைக் கூட்டுவது என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் ஒட்டு. டாக்டர் ஒருவரையே நம்பியிருக்காமல் செவிலியரும் பணியாளர்களும் பகிர்ந்து செய்யட்டும். வர வேண்டியவர் வராவிட்டால் தேடு.

இந்தியாவில் இது 2017–18ல் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியாக வந்தது. மத்திய, மாநில அரசுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் இந்திய அலுவலகமும் சேர்ந்து, பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களில் தொடங்கின. பொதுவாக முதல் படி ஆம்லோடிபின் 5 மி.கி. ஒரு மாதம் கழித்தும் 140/90க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அடுத்த படி, டெல்மிசார்டன். அப்படியும் இறங்காவிட்டால் அளவைக் கூட்டுவது, குளோர்தாலிடோன் சேர்ப்பது என்று படிப்படியாகப் போகும். மாநிலத்துக்கு மாநிலம் வரிசை கொஞ்சம் மாறும். ஒரு மாநிலத்துக்குள் எல்லோருக்கும் ஒரே வரிசை.

நெறிமுறை ஒன்றானதும் கொள்முதல் எளிதாகிவிட்டது. நான்கைந்து மருந்துகளை மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். எத்தனை பேர், எத்தனை மாத்திரை என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். ஒரு நோயாளிக்கு 30 நாள் மாத்திரையை ஒரே தடவையில் கொடுத்து அனுப்பலாம். வாரத்துக்கு ஏழு மாத்திரை வாங்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றவருக்கு அந்த 30 என்ற எண்ணின் அருமை தெரியும். இந்த முன்முயற்சிக்கும் 2022ல் ஐ.நா. தரப்பிலிருந்து விருது கிடைத்தது.

எல்லோருக்கும் ஒரே மாத்திரையா? ஒவ்வொருவர் உடம்பும் வேறல்லவா?

கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கால் வீக்கம் போன்ற பக்கவிளைவு வந்தவர்கள் ஆகியோருக்கு நெறிமுறையிலேயே தனி வழி உண்டு. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லும். மீதியுள்ள பெரும்பான்மைக்கு முதல் மாத்திரை எது என்பதைவிட, அது நாளையும் கிடைக்குமா என்பதுதான் முக்கியம். மெத்தச் சிறந்த மருந்தைப் பத்து நாள் சாப்பிட்டு நிறுத்துவதைவிடச் சாதாரண மருந்தைப் பத்து வருடம் சாப்பிடுவது மேல்.

எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கணக்கெடுக்க வேண்டும். இதற்கு உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குக் கொடுக்கும் கருவியின் பெயர் ‘ஸ்டெப்ஸ்’. பெயருக்கேற்றபடி மூன்று படிகள். முதலில் கேள்விகள்: புகை, மது, காய்கறி, நடை. இரண்டாவது அளவுகள்: உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம். மூன்றாவது ரத்தப் பரிசோதனை. உலகெங்கும் ஒரே முறை என்பதால் ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடும், அதே ஊரை ஐந்து வருடத்துக்கு முந்தைய நிலையோடும் ஒப்பிடலாம்.

தமிழ்நாடு 2020ல் இந்த முறைப்படி மாநிலம் முழுக்கக் கணக்கெடுத்தது. பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் (33.9 சதவீதம்). நீரிழிவு 17.6 சதவீதம். அதில் ஆச்சரியமில்லை. தூக்கிவாரிப் போட்டது அடுத்த எண்: ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். நீரிழிவில் 10.8.

மருத்துவர்கள் ‘பாதியின் பாதி’ என்று ஒரு பழைய கணக்குச் சொல்வார்கள். நோய் உள்ளவர்களில் பாதிப்பேருக்குத்தான் அது இருப்பது தெரியும்; தெரிந்தவர்களில் பாதிப்பேர்தான் மாத்திரை சாப்பிடுவார்கள்; சாப்பிடுபவர்களில் பாதிப்பேருக்குத்தான் கட்டுக்குள் வரும். எட்டில் ஒருவர், அதாவது 12.5 சதவீதம். மருத்துவ வசதியில் முன்னோடி என்று நாம் பெருமைப்படும் மாநிலம் அந்தப் பழைய கணக்கையே எட்டவில்லை. பிரசவ மரணத்தைக் குறைத்ததிலும் தடுப்பூசியிலும் சாதித்த அதே ஆரம்ப சுகாதார நிலையங்கள்தான் இங்கே தடுமாறின. தடுப்பூசியைச் சில முறை போட்டால் முடிந்தது. பிரஷர் மாத்திரைக்கு முடிவே கிடையாது.

இந்த எண்ணை வெளியிட ஓர் அரசு சம்மதித்தது சாதாரண விஷயமில்லை. அடுத்த சுற்றுக் கணக்கெடுப்பு 2023–24ல் நடந்தது. ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 17 சதவீதமாகவும் நீரிழிவுக் கட்டுப்பாடு 16.7 சதவீதமாகவும் ஏறியிருந்தன. இன்னும் ஆறில் ஐந்து பேர் வெளியேதான் நிற்கிறார்கள். உலகச் சராசரியும் பெருமைப்படும்படி இல்லை: உயர் ரத்த அழுத்தம் உள்ள 140 கோடிப் பேரில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களுக்கே அது கட்டுக்குள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2025ல் சொன்னது.

அந்த ஏற்றத்துக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’தான் காரணமா?

அது மட்டுமே என்று சொல்ல மாட்டேன். இரண்டு சுற்றுக்கும் இடையே கொரோனா வேறு வந்துபோனது. ஆனால் திட்டம் குறிவைத்தது சரியான ஓட்டையை. 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். அதே ஊர்ப் பெண்கள். வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையைத் திண்ணைக்கே கொண்டுவருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த் தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள்.

ஒருநாள் காலை அப்படி ஒரு தன்னார்வலரோடு நடந்திருக்கிறேன். தோள்பையில் பிரஷர் மெஷின், குளுக்கோமீட்டர், மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. ஏழரை மணிக்கே கிளம்பிவிட்டார். நூறு நாள் வேலைக்குப் போகுமுன் ஆட்களைப் பிடிக்க வேண்டுமே. மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா, “போன மாசம் பார்த்தப்ப நார்மல்னு சொன்னியே கண்ணு, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்” என்றார். தன்னார்வலர் கோபப்படவில்லை. “மாத்திரை சாப்பிட்டதாலதான் அத்தை நார்மலா இருந்துச்சு. அடுப்பை அணைச்சா சோறு வேகுமா?” என்று கேட்டுவிட்டுப் பட்டையைக் கையில் சுற்றினார். 168/100. அத்தை ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தண்ணீர்ச் சொம்போடு வந்தார்.

ஜெனீவாவில் எழுதிய நெறிமுறை கடைசியாக வந்து சேரும் இடம் அந்தச் சொம்புதான். இந்த வேலையைச் செய்யும் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளமில்லை, ஊக்கத்தொகை என்பதையும் விருதுச் செய்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஐ.நா. விருது கொடுத்தது யார்?

தொற்றா நோய்களுக்காக ஐ.நா. அமைப்புகளை ஒருங்கிணைக்க 2013ல் உருவான பணிக்குழு. உலக சுகாதார நிறுவனம் அதைத் தலைமையேற்று நடத்துகிறது. விருது என்பது அங்கீகாரம், நிதி அல்ல.

அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி மாநில அரசின் சொந்த வரவு செலவுக் கணக்கிலிருந்து. ஒரு பகுதி தேசியத் திட்டத்திலிருந்து. புற்றுநோய், நீரிழிவு, இதய நோய், பக்கவாதத்துக்கான அந்தத் தேசியத் திட்டம் 2010ல் 100 மாவட்டங்களில் தொடங்கியது. இன்னொரு பகுதி உலக வங்கியின் கடன். கடன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். திருப்பிக் கட்ட வேண்டிய பணம்.

உலக வங்கிக்கும் இந்தக் கதைக்கும் உறவு பழையது. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007 வாக்கில் சிவகங்கையிலும் விருதுநகரிலும் ரத்த அழுத்தப் பரிசோதனை, தேனியிலும் தஞ்சாவூரிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று சோதனை முயற்சியாக ஆரம்பித்து, 2012 முதல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். 2019ல் உலக வங்கி 28.7 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் விதி சுவாரசியமானது: கட்டடம் கட்டினேன், கார் வாங்கினேன் என்று ரசீது காட்டினால் பணம் வராது. ஒப்புக்கொண்ட முடிவுகளைக் காட்டினால்தான் தவணை வரும். ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பின் அருமை இங்கேதான் புரியும். அளக்காத ஒன்றை முடிவு என்று யாரிடமும் காட்ட முடியாது.

மாத்திரை வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994ல் உருவானது. டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து வரவு எழுதி அனுப்பும் முறை. பல மாநிலங்கள் பார்த்து எடுத்துக்கொண்டன. இது இல்லாமல் எந்த நெறிமுறையைச் சுவரில் ஒட்டினாலும் அது காலண்டர் மாதிரி தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

மருந்து சரி. சட்டம் இயற்றுவதில் உலக அமைப்புகள் எப்படி உதவும்?

என் பார்வையில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகப் பெரிய உதவி இதுதான். உருகுவே கதையைக் கேளுங்கள்.

தென் அமெரிக்காவில் 34 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள நாடு. அதிபராக இருந்த டபரே வாஸ்கெஸ் புற்றுநோய் மருத்துவர். அவர் ஆட்சியில் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும், ஒரு பிராண்டுக்கு ஒரே வகைப் பெட்டிதான் (‘லைட்’, ‘மைல்ட்’ என்ற ஏமாற்று வேலை கூடாது) என்று விதி கொண்டுவந்தார்கள். 2010ல் பிலிப் மோரிஸ் நிறுவனம் சுவிட்சர்லாந்து–உருகுவே முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி, சர்வதேச நடுவர் மன்றத்தில் நாட்டின் மீதே வழக்குப் போட்டது. சின்ன நாடு, வழக்குச் செலவே விதியைக் கைவிட வைத்திருக்கும்.

அங்கேதான் தாள்கள் கைகொடுத்தன. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை 2003ல் நிறைவேறி 2005ல் நடைமுறைக்கு வந்திருந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பினர்கள். உருகுவே அதில் கையெழுத்திட்ட நாடு. உலக சுகாதார நிறுவனமும் உடன்படிக்கைச் செயலகமும் நடுவர் மன்றத்தில் ஆதாரங்களோடு தங்கள் கருத்தைத் தாக்கல் செய்தன. வழக்குச் செலவுக்கு அமெரிக்காவின் புளூம்பெர்க் அறக்கட்டளை துணை நின்றது. 2016 ஜூலை 8ல் தீர்ப்பு உருகுவேக்குச் சாதகமாக வந்தது. நாட்டின் செலவில் 70 லட்சம் டாலரை நிறுவனமே கட்ட வேண்டும் என்றும் உத்தரவு.

அந்தத் தீர்ப்பை எடுத்து எந்தச் சின்ன நாடும் மேசையில் போடலாம்.

இந்தியாவிலும் பெட்டியில் பெரிய படம் இருக்கிறதே, பயன் இருக்கிறதா?

2016 ஏப்ரல் முதல் பெட்டியின் இரு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கை. உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. ஆனால் நம் பெட்டிக்கடையில் முக்கால்வாசிப் பேர் கேட்பது “ஒண்ணு குடுங்கண்ணே” என்றுதானே? ஒற்றைச் சிகரெட்டை வாங்கி, கடைக் கம்பத்தில் தொங்கும் லைட்டரில் பற்றவைப்பவர் பெட்டியைப் பார்ப்பதே இல்லை. படத்தைப் பார்ப்பவர் கடைக்காரர் மட்டும்தான். சட்டம் நல்லது, சில்லறை விற்பனையைத் தொடாமல் விட்டது அதன் பொத்தல்.

உலக அமைப்புகள் எப்போதும் உதவியாகவே இருக்கின்றனவா?

இல்லை. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிடுங்கிய கதையும் உண்டு. பசிபிக் தீவு நாடான சமோவாவில் உடற்பருமன் மிக அதிகம். வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்து குவிந்த, கொழுப்பு மண்டிய வான்கோழி வால்களை 2007ல் அரசு தடை செய்தது. பிறகு உலக வர்த்தக அமைப்பில் சேருவதற்காக அந்தத் தடையை விலக்க வேண்டியதாயிற்று. தடைக்குப் பதில் இறக்குமதி வரி. 2012ல் உறுப்பினரானது. சுகாதார அமைச்சகம் ஒரு பக்கம் இழுக்க, வர்த்தக அமைச்சகம் மறுபக்கம் இழுப்பது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். சமோவாவில் அது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

இலங்கை என்ன செய்திருக்கிறது?

அளவில் சிறியது, ஆனால் இந்த விஷயத்தில் இந்தியா கற்க வேண்டிய நாடு. புகையிலை, மதுசார அதிகார சபைக்கான சட்டம் 2006ல் வந்தது. சிகரெட் பெட்டியில் 80 சதவீதம் படம் என்ற விதியை நிறுவனம் எதிர்த்துப் போக, நீதிமன்றம் அளவைக் குறைத்தது. நாடாளுமன்றம் விடவில்லை, 2015ல் சட்டத்தையே திருத்தி 80 சதவீதத்தை உறுதி செய்தது. 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயமானது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிக்னல் விளக்கின் பொருள் தெரியும். 2017 இறுதியில் போத்தலில் உள்ள சீனியின் கிராமைக் கணக்கிட்டு வரி போட்டார்கள். போத்தலின் அளவுக்கு வரி போட்டால் விலை ஏறும், அவ்வளவுதான். சீனியின் அளவுக்கு வரி போட்டால் நிறுவனமே சீனியைக் குறைக்கப் பார்க்கும்.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எல்லாமே ஆட்டம் கண்டது. அப்போது தமிழ்நாடு அரிசி, பால்பவுடரோடு 137 வகை மருந்துகளையும் அனுப்பியது. நாட்டுக்கு உதவுவது ஐ.நா.வின் ஏகபோகம் ஒன்றுமில்லை.

போர், வெள்ளம் வந்தால் நீரிழிவு நோயாளிகள் என்ன செய்வார்கள்?

பழைய நிவாரணப் பெட்டிகளில் வயிற்றுப்போக்குக்கும் காயத்துக்கும்தான் மருந்து இருக்கும். முகாமுக்கு ஓடிவந்தவர் இன்சுலினைக் குளிர்பெட்டியோடு விட்டுவிட்டு வந்திருப்பார். 2017ல் உலக சுகாதார நிறுவனம் தொற்றா நோய்களுக்கென்றே தனிப் பெட்டித் தொகுப்பை உருவாக்கியது. 10,000 பேர் உள்ள பகுதிக்கு மூன்று மாதத் தேவை என்ற கணக்கில் மாத்திரையும் கருவிகளும் அதில் இருக்கும். தாள்கள்தான் உதவி என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு.

வனஸ்பதி பற்றி ஏதோ விதி வந்ததாமே?

டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயை வனஸ்பதியாக இறுக வைக்கும்போது உண்டாவது. இதய ரத்தக்குழாய்க்குப் பகை. பேக்கரி பப்ஸில் உதிரும் அந்த மொறுமொறுப்புக்கும் அதற்கும் நெருங்கிய சொந்தம். டென்மார்க் 2003லேயே கட்டுப்படுத்தியது. 2018ல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகம் முழுக்க ஒழிக்க அழைப்பு விடுத்தது. இந்தியா 2021ல் எண்ணெய், கொழுப்புகளில் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று வரம்பை இறக்கியது. வீட்டில் யாரும் எதையும் ‘கடைப்பிடிக்க’ வேண்டியதில்லை. தொழிற்சாலையிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வகைத் தடுப்பு இது.

வாயைக் கட்டி, தினமும் நடந்தால் போதாதா? அரசும் உலக அமைப்பும் எதற்கு?

நடந்தால் நல்லதுதான். எங்கே நடப்பது? நடைபாதையில் பைக் நிற்கிறது. உப்பைக் குறைக்கலாம், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஹோட்டல் சாம்பார் ஆகியவற்றில் எவ்வளவு என்று யார் சொல்வது? தனிமனித ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் பெரும்பாலும் விற்கும் இடத்தில் இருப்பவர்களாகவே இருக்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

2030 இலக்கு என்கிறார்களே, அது என்ன?

30க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதில் இந்நோய்களால் இறக்கும் அபாயத்தை 2015ல் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைப்பது. பெரும்பாலான நாடுகள் அந்த வேகத்தில் இல்லை. 2025 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த ஐ.நா. உயர்மட்டக் கூட்டத்தின் அறிக்கை இன்னும் தெளிவான எண்களை வைத்தது: 2030க்குள் புகையிலை பயன்படுத்துவோரில் 15 கோடிப் பேர் குறைய வேண்டும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் உள்ளோர் 15 கோடிப் பேர் கூட வேண்டும், மனநல சிகிச்சை மேலும் 15 கோடிப் பேருக்குக் கிடைக்க வேண்டும். ‘மேம்படுத்துவோம்’, ‘ஊக்குவிப்போம்’ என்பதைவிட எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்கியம் மேல்.

அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகியது இதைப் பாதிக்குமா?

பாதிக்கும். 2025 ஜனவரியில் விலகல் உத்தரவு வந்ததுமே நிறுவனம் செலவையும் ஆட்களையும் குறைக்க ஆரம்பித்தது. இந்தியா போன்ற நாடு தன் கையை ஊன்றி நிற்கும். கையேடு எழுதவே ஆளில்லாத சின்ன நாடுகளுக்குத்தான் அடி.

வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும்போது நான் என்ன கவனிக்க வேண்டும்?

அவர் வந்ததும் ஓடிவந்து கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் தரையில் வைத்து, காலின் மேல் கால் போடாமல் உட்கார வேண்டும். கை நெஞ்சுக்கு நேர் உயரத்தில், எதன் மேலாவது தாங்கலாக இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்ற வேண்டாம். பேசாதீர்கள், பக்கத்து வீட்டுச் சண்டையை அப்புறம் சொல்லலாம். இரண்டு தடவை பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை நோட்டில் எழுதும்போது உங்கள் பக்கத்திலும் ஒரு தாளில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கையில் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எண்ணி, ஒரு வாரத்துக்குக் குறைவாக இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.